தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

மஞ்சக்குட்டைக்கு அந்தப் பக்கம் இருந்த எஸ்டேட்டை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மிளகு பறிப்பு முடிந்துவிட்டால் வெளியூர் ஆட்களை அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். அதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஏணியிலிருந்து வழுக்கியதில் இடது முழங்கால் வீங்கியிருந்தது. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு கம்பளி, மாற்று வேட்டி, சட்டை. பின்னால் வந்த ஜீப்புக்குக் கை காட்டினேன். அதன் பின்கம்பியில் ஏற்கெனவே ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ரோடுகள் கூடுகிற ஒண்டிக்கடை போய்ச் சேர்ந்தால் ஏதாவது ஒரு வேலை அகப்படும் என்ற நினைப்பில் காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி அது. எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் ஊரில் ஒரு பருவத்துக்குமேல் நின்றதில்லை. செங்கல் சூளை, கரும்பு வெட்டு, லாரியில் மூட்டை ஏற்றுவது என்று சுற்றி, அந்த வருடம் சேலத்திலிருந்து மலை ஏறியிருந்தேன்.

ரோட்டின் இரண்டு பக்கமும் காப்பி பூத்திருந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும், கோடை மழை ஒன்று பெய்து சில நாள் கழித்துக் காடு முழுக்க ஒரே ராத்திரியில் வெள்ளையாகிவிடும். செடியில் இலை தெரியாது. வாசனையும் அப்படித்தான், நல்ல வாசனை, ஆனால் வெறும் வயிற்றுக்கு ஆகாது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காலையில் ஒரு டம்ளர் வரக்காப்பி குடித்ததுதான். தண்ணீராவது குடிக்கலாம் என்று, ரோட்டுக்கு மேலே வரிசையாகத் தெரிந்த லைன் வீடுகளைப் பார்த்து ஏறினேன். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டிய வீடுகள், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு கதவுகள்.

வேலை நேரத்தில் லைனில் ஆளிருக்காது. அன்றைக்கு எல்லோரும் இருந்தார்கள். பூ விரிந்திருக்கும் நாட்களில் காப்பிக் காட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, பூ உதிர்ந்தால் காய் போச்சு. அதனால் காட்டு வேலை கிடையாது. ஒரு வீட்டு வாசலில் மூன்று கல் வைத்துப் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. கல்யாணமா என்று கேட்டேன். பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள் என்றார்கள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எஸ்டேட் முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடிப் பார்த்திருக்கிறேன். லைனில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று உண்டு என்றே கேள்விப்பட்டதில்லை.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அந்த வீட்டுக்காரரின் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. தலையில் துண்டு, இடுப்பில் சொருகிய சேலை, யாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற குரல். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர், சொந்தக்காரர் யாராவது இந்த மலையில் இருக்கிறார்களா, இந்தப் பக்கம் முன்னே வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

“போனா திரும்பி வருவீங்களா தம்பி?”

“தெரியாதுங்க. வந்த இடத்துக்கு மறுபடி வந்து எனக்குப் பழக்கமில்லைங்க.”

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பதிலைக் கேட்டு என்மேல் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. சந்தோஷப்பட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். அப்படியே உட்காரச் சொல்லிவிட்டுத் தம்பியைத் தேடிப் போனார்.

தம்பி, அதாவது வீட்டுக்காரர், மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவர் வேலை. என் காலைப் பார்த்துவிட்டு வெந்நீரில் நொச்சித் தழை போட்டு எடுத்துவந்து ஊற்றச் சொன்னார். நான் வேலை தேடிப் போகிறேன் என்று தெரிந்ததும் விருந்துக்கு வந்திருந்த மேஸ்திரியிடம் போய்ப் பேசினார். மேஸ்திரி அங்கிருந்தபடியே என் தோளையும் கையையும் பார்த்தார். பூ முடிந்ததும் கிளை கழிக்க ஆள் வேண்டும், மழைக்காலம் வரைக்கும் வேலை இருக்கும், லைனில் கடைசி அறை காலியாகக் கிடக்கிறது, நாளைக்குக் காலையில் வரச் சொல் என்றார். கால் ஆறும் வரைக்கும் கீழே நின்று கிளையை இழுத்துப் போட்டால் போதுமாம்.

இப்படி எனக்கு வேலை கிடைத்ததே இல்லை. தண்ணீர் குடிக்க ஏறியவனுக்கு மழைக்காலம் வரைக்கும் வேலையும் தலைக்குமேல் ஒரு கூரையும். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, இந்த மலையில் கொஞ்ச நாள் இருந்து பார்ப்போமே என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா திரும்பி வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

அந்தப் பாப்பா அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. போன வருடம் காப்பிப் பழம் பறிக்கக் கீழே இருந்து வந்த கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு வந்தவள். பறிப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிய பிறகும் போக இடமில்லாமல் மிளகுக்கும் நின்றுவிட்டாள். காப்பி பூத்த அன்று விடியும்போது அவளுக்குப் பிள்ளை பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. எஸ்டேட் ஜீப்பில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மலை இறங்கி முடிவதற்குள் அவள் போய்விட்டாள். பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கூடப் போனது இந்த வீட்டுக்காரரின் மனைவி. கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லாதவர். திரும்பி வரும்போதும் பிள்ளை அவர் மடியில்தான் இருந்தது, அதற்குப் பிறகும் இறங்கவில்லை. அந்தக் கூட்டத்துத் தலைவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவளுக்கென்று யாரும் கிடையாது என்று பதில் வந்தது. எஸ்டேட் ஆபீசில் எழுத வேண்டியதையெல்லாம் கணக்கெழுதுகிற ரைட்டர் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் சரி, ஒன்றுதான் குறை என்றார் அக்கா. அந்தப் பிள்ளையை யாரும் கொடுக்கவில்லை.

எனக்குப் புரியவில்லை. அக்கா விளக்கினார். பெற்றவள் கொடுத்திருந்தால் அது வாங்கிக்கொண்ட பிள்ளை. இது எடுத்த பிள்ளை. எடுத்ததை யாராவது வந்து கேட்டால் என்ன செய்வது என்ற பயம் தம்பி பெண்டாட்டியை விட்டுப் போகவில்லை. ரோட்டில் தெரியாத முகம் ஏறி வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். மொட்டை போடவில்லை, காது குத்தவில்லை. என் பிள்ளை என்று சொன்னால்தானே அதெல்லாம் செய்யலாம் என்கிறாள். நாலு பேர் எதிரில் ஒரு கை கொடுத்து அவள் கை வாங்கினால் மனசு நிற்கும். அதற்கு அக்காவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பிறக்கிற பிள்ளை தங்காத வீடுகளில், பிள்ளையை வெளி ஆள் கையில் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள் இல்லையா, அதையே இந்தப் பிள்ளைக்கும் செய்துவிடலாம். ஒரு வருடம் முடிகிற நாளில் செய்வதென்று முடிவாகி, வருடா வருடம் பங்குனிக் கடைசியில் கீழே இருந்து வரும் வளையல்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தார்கள்.

சிக்கல் காப்பிப் பூவால் வந்தது. ரைட்டர் எழுதிய தேதி வேறு, அது ஆபீசுக்கு. இவர்களுக்குப் பிள்ளை பிறந்தது பூ விரிந்த நாள். இந்த வருடம் மழை முந்திக்கொண்டது, பூவும் முந்திக்கொண்டது. வளையல்காரர் மலை ஏற இன்னும் இருபது நாளாவது ஆகும். தேதி வரட்டும் என்று தம்பி சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“தேதி அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?” என்றார் அக்கா. “பூதாந் தெரியும். நாளைக்குப் பூ வாடிரும். வாடுன நாள்ல புள்ள வாங்குவாங்களா?”

லைனில் இருப்பவர்கள் யாரும் கொடுக்க முடியாது. கொடுத்த கை பிள்ளையின் கண்ணில் படும்படி நடமாடக் கூடாதாம். நேற்று ஒரு ஜீப் டிரைவரைக் கேட்டிருக்கிறார்கள், தினமும் இதே ரோட்டில் போகிறவன் நான் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். இன்றைக்கு நான் வந்து நிற்கிறேன். திரும்பி வராத ஆள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று கேலி செய்யாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. என் அம்மாவும் சொல்வார், அரைப்படி தவிட்டைக் கொடுத்து ரைஸ்மில்லில் உன்னை வாங்கினேன் என்று. நான் அதை நம்பினேன். ஆறேழு வயதில் ஒரு நாள் அடி வாங்கிக்கொண்டு நேரே ரைஸ்மில்லுக்கு நடந்துபோய், என்னை விற்றவர் யார் என்று கேட்டேன். மில்காரர் என்னை மூட்டைமேல் உட்காரவைத்து வேர்க்கடலை கொடுத்து, உன்னை விற்றவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார். சாயந்திரம் அம்மா வந்து இழுத்துக்கொண்டு போனார். தனியாக ஊரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அப்புறம் நிற்கவில்லை.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்பறமென்ன, தவுட்டு யாவாரம் உங்களுக்குப் பழகுனதுதான்” என்றார்.

அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அக்கா என்னிடம் எதைக் கேட்டிருப்பார் என்று தெரிந்துகொண்டு, முதல் தடவையாகக் கொஞ்சம் குரல் உயர்த்தினார். இவருக்கு நாளையிலிருந்து நம் எஸ்டேட்டில் வேலை, இந்த லைனில்தான் இருக்கப் போகிறார், இவரைப் போய்க் கேட்கிறாயே என்றார். அக்காவுக்கு அது தெரியாது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது.

காலை வெந்நீரிலிருந்து எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டேன். முழங்கால் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது.

நிலைப்படியில் உட்கார்ந்து வீட்டுக்காரரின் மனைவி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததிலிருந்து அவர் என்னை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. இப்போது புரிந்தது, நானும் தெரியாத முகம், விருந்து நாள் என்பதால்தான் கதவைச் சாத்தவில்லை. பிள்ளைக்குப் பெரிய சட்டை போட்டிருந்தார்கள். சேலத்தில் எடுத்ததாம், அடுத்த வருடமும் ஆகும் என்று ஒரு அளவு கூட்டி எடுத்தது. கை இரண்டும் உள்ளேயே காணாமல் போயிருந்தன. எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்ணா, உங்க பொழப்பக் கெடுத்துக்க வேண்டாமுங்க. வளையக்காரரு வருவாரு.”

பிள்ளை சோற்றைத் துப்பியது. அதை விரலால் வழித்து எடுத்தபடியே, என்னிடம் என்றில்லாமல் சொன்னார்.

“ஜீப்புல அவ எம்பட மொகத்தப் பாத்துக்கிட்டேதான் இருந்தா. தண்ணி கேட்டா, குடுத்தேன். அப்பறம் ஒண்ணுமே சொல்லல. வெச்சுக்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்பிடிப் பயந்துக்கிட்டு இருக்க மாட்டேன். அவ குடுக்கலீங்ணா. நானாத்தான் எடுத்து வெச்சுக்கிட்டேன்.”

அவர் அழவில்லை. அரிசியில் கல் கிடந்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஒரு வருடமாக இதையே தனக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார் போலிருந்தது.

நான் எழுந்துபோய் மேஸ்திரியிடம் வேலை வேண்டாம் என்றேன். அவர் இலை போடுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சோறு வேணும், வேல வேண்டாமா?”

“சோறு வேணுமுங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காரணம் தெரிந்ததும் அவரும் சிரித்துவிட்டார். ஆனால் இன்னோர் ஆள் தேடவேண்டும் என்ற எரிச்சல் அவருக்குப் போகவில்லை. அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்காரர் பந்தியில் முதல் இலை எனக்குப் போட்டார். தவிடு வாங்கிய பிறகு அந்த வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதால் முன்னாலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அக்கா எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். விளைவு, பரிமாறியவர்கள் எல்லோரும் என் இலையிலேயே நின்றார்கள். பச்சரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காயும் பிஞ்சுப் பலாவும் போட்ட குழம்பு, ரசம், வெல்லம் போட்டு எண்ணெயில் சுட்ட கச்சாயம். மூன்று மாதமாக ராகிக் களியும் கொள்ளுத் துவையலும் தின்ற வயிறு. அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னால் சாப்பிட்டதில்லை, அதற்குப் பின்னால் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளை எண்ணினாலும் அதுதான் முதலில் வருகிறது. “வாங்கிக்குங்க சாமி, இன்னொரு கரண்டி, இனிமே நாங்க கேக்க முடியாதில்ல” என்று ஒரு கிழவர் போட்டுக்கொண்டே இருந்தார். போதும் என்றால் யார் விடுகிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். ஒரு முறத்தில் கொஞ்சம் காப்பிப் பூவைப் பரப்பி அதில் பிள்ளையை உட்காரவைத்து என் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. பாதைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கிளையை ஒடிப்பதற்கு மேஸ்திரியிடம் கெஞ்சி உத்தரவு வாங்கியிருந்தார்கள். பிள்ளை முறத்தில் உட்காரவில்லை. ஒரு கையால் பூவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, குப்புற விழுந்து, தவழ்ந்து வெளியே போய்விட்டது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். முறம் வேண்டாம், கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் அதற்கு முன் பிள்ளைகளைத் தூக்கியதில்லை. மூட்டை தூக்கிய பழக்கத்தில் இறுக்கிப் பிடித்தேன். நெளிந்தது. அக்கா என் கையைத் தட்டிச் சரிசெய்தார்.

எதிரில் அந்த அம்மா நின்றார், கையில் தவிடு நிறைந்த தகர டப்பா. மலையில் நெல் ஏது, தவிடு ஏது? தைப் பொங்கலுக்குச் சேலம் போன யாரோ ஒரு ரைஸ்மில்லில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்ததாம். அவர் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும், மூன்று தடவை.

“இந்தப் புள்ளைய எனக்குக் குடுக்கறீங்களா?”

“குடுத்தேன்.”

மறுபடி கேட்டார். குடுத்தேன் என்றேன். மூன்றாம் தடவை கேட்க வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. யாரும் வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை, எடுத்துக் கொடுக்கக் கூடாது போலிருக்கிறது. வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜீப்பில் கிடந்த அந்தச் சின்னப் பெண் ஞாபகம் வந்தாள். பார்த்ததில்லைதான். வார்த்தை வராமல் கிடந்தவள் என்று மட்டும் தெரியும். ஒருவழியாக அவர் கேட்டு முடித்ததும் நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“குடுத்தேன். வெச்சுக்குங்க.”

வெச்சுக்குங்க என்பது முறையில் கிடையாது. தானாக வந்துவிட்டது. அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு பிள்ளையை நீட்டினேன். வரவில்லை. எந்த நேரத்தில் பிடித்ததோ, என் தாடியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க இறுக்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியால்தான்.

“விக்கறவன் தாடியப் புடிச்சு வெல பேசறா பாரு” என்றார் அக்கா. “அம்மிணி, தவுடு அவ்வளவுதான் கண்ணு, விடு.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார், அன்றைக்கு முழுக்க அப்போதுதான். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். என் துண்டை விரித்துப் பிடித்தேன். டப்பாவைக் கவிழ்த்தார். அதை முடிந்துகொண்டு பையை எடுத்தேன்.

திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பதுதான் கடைசி விதி. போனேன். வாசலைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. வந்த பாதை எது என்று மறந்துவிட்டது. ஏதோ ஒன்றில் இறங்கி நாலு எட்டு வைத்தபோது பின்னாலிருந்து மேஸ்திரியின் அலறல் வந்தது, பூவுக்குள்ளே போகாதே என்று. பார்த்தால் எதிரே வெள்ளைக் காடு. முன்னால் கால் வைக்கக் கூடாது, பின்னால் திரும்பக் கூடாது. அப்படியே நின்றேன். லைன் மொத்தமும் எனக்கு வழி சொல்ல ஆரம்பித்தது. பின்னாடியே வாங்க, பின்னாடி, இன்னும் ரெண்டு எட்டு, கல்லு இருக்குது பாத்து, அக்கட்ட இல்லீங்க இக்கட்ட, சோத்தாங்கைப் பக்கம். முதுகுப் பக்கமாக நடந்து, குரல் போன போக்கில் திரும்பி, சரியான பாதையைப் பிடித்து இறங்கினேன். ரோட்டை அடையும் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது. சிரிப்புக்கு நடுவில் “பாத்துப் போங்ணா” என்று அந்த அம்மாவின் குரலும் கேட்டது. தெரியாத முகத்தைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் என்னிடம் மற்றவர்கள் கேட்டதெல்லாம் தூக்கு, வெட்டு, இறக்கு என்பதுதான். அதில் குறையில்லை, அதுதான் என் சாப்பாடு. அன்றைக்குத்தான், ஓரிடத்தில் தங்காத என் குணத்தையே ஒரு தகுதியாக மதித்து, உள்ளே கூப்பிட்டு, காலுக்கு வெந்நீர் ஊற்றி, முதல் இலையில் சோறு போட்டு, ஒரு பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு எப்போது காது குத்தினார்கள், எந்தக் கோயிலில் மொட்டை போட்டார்கள், எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதுமில்லை. அந்த எஸ்டேட் பக்கம் பிறகு நான் போகவே இல்லை.

ஒண்டிக்கடை போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு டீக்கடைக்குப் பின்னால் மாடு கட்டியிருந்தது. இந்தத் தவிட்டை மாட்டுக்கு வைத்துக்கொள்கிறீர்களா, ராத்திரி பெஞ்சில் படுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரரிடம் கேட்டேன். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்.

“ஏதுங்க இது?”

“ஒரு புள்ளையக் குடுத்ததுக்குக் கெடச்சதுங்க.”

கேலி என்று நினைத்தோ என்னவோ, அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீரில் கலந்து வைத்தார். எனக்கு ஒரு சாக்கு கொடுத்தார்.

காலையில் அவரே இரண்டு வேலை சொன்னார். மஞ்சக்குட்டை போகும் ஜீப்புக்கு ஒரு கிளீனர் வேண்டும், உட்கார்ந்து போகிற வேலை, உங்கள் காலுக்கு நல்லது. இல்லையென்றால் வேறு திக்கில் செம்மநத்தம் போகும் ரோட்டில் ஓரமாகத் தண்ணீர் போக வாய்க்கால் வெட்டுகிறார்கள், பாறை, நொம்பக் கஷ்டம். அந்த ஜீப் ஒரு நாளைக்கு எத்தனை நடை போகும் என்று கேட்டேன். காலையும் மதியமும் சாயந்திரமும் என்றார். எத்தனை நடையானாலும் அந்த லைனுக்குக் கீழேதான் போக வேண்டும்.

வாய்க்கால் வேலைக்கே போகிறேன் என்றேன். அவர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு இன்னொரு டீ கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கான்ட்ராக்டரின் ஆள் வந்தார். பெயரைக் கேட்டார், கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், கடப்பாரை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செம்மநத்தம் ரோட்டில் மற்றவர்களோடு நடக்க ஆரம்பித்தேன்.